ரெடிஸ் மறுபடியும் திறந்த மூலமாகிவிட்டதே, வால்கீயை விட்டுத் திரும்பலாமா?

கேள்வி: தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் மென்பொருள் 2024-இல் உரிமத்தை மாற்றியபோது, எங்கள் அலுவலகத்தில் அதிலிருந்து பிரிந்த வால்கீக்கு மாறினோம். இப்போது ரெடிஸ் 8 ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தோடு வந்திருக்கிறது. திரும்பிப் போகலாமா? அந்தச் சண்டையில் உண்மையில் நியாயம் யார் பக்கம் இருந்தது?

போக வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏஜிபிஎல் ஆபத்தானது, ரெடிஸ் மோசமாகிவிட்டது என்றெல்லாம் அதற்குக் காரணம் சொல்ல மாட்டேன். ரெடிஸ் 8 நல்ல மென்பொருள். உரிமமும், மூலநிரலை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் முறையான திறந்த மூல உரிமம்தான். ஆனால் 2024-இல் பூட்டிய சாவி இன்னும் அதே கையில் இருக்கிறது. இன்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் கோயம்புத்தூரில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்பவன். ரெடிஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு முறை அமைத்துவிட்டால் அது இருப்பதையே மறந்துவிடலாம். அதனால்தான் அந்த மாற்றம் பலருக்கு அவ்வளவு எரிச்சலூட்டியது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிசிலியைச் சேர்ந்த சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-இல் ரெடிஸை எழுதினார். இணைய உலகில் ஆன்டிரெஸ் என்ற பெயரில் அறியப்படுபவர். இணையதளங்களுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று உடனுக்குடன் காட்டும் ஒரு சேவையை அவர் நடத்திவந்தார். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே எல்லாத் தரவையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டார். உரிமம் பிஎஸ்டி: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், மாற்றியதை வெளியிட வேண்டியதில்லை. பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் அழிக்கக் கூடாது.

இஸ்ரேலில் 2011-இல் கரான்டியா டேட்டா என்ற நிறுவனம் தொடங்கியது. ரெடிஸை இணையவழிச் சேவையாக விற்பது அதன் தொழில். பிறகு ரெடிஸ் லேப்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2021-இல் வெறுமனே ரெடிஸ் ஆகிவிட்டது. ஆன்டிரெஸ் 2015-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார், 2020-இல் பொறுப்பிலிருந்து விலகினார். இடையில் ரெடிஸ் என்ற வணிகப் பெயரும் நிறுவனத்தின் கைக்குப் போனது. மென்பொருளை எழுதாத நிறுவனம் மென்பொருளின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அப்போது யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

2018-இல் அந்த நிறுவனம் ரெடிஸின் கூடுதல் தொகுதிகளுக்கு மட்டும் உரிமத்தை இறுக்கியது. ஒரே கூச்சல். அப்போது நிறுவனமும் ஆன்டிரெஸும் தனித்தனியாக எழுதி உறுதி கூறினார்கள்: ரெடிஸின் மையப் பகுதி பிஎஸ்டியாகவே இருக்கும். 2024 மார்ச் 20 அன்று அந்த உறுதிமொழி முடிந்துபோனது. 7.4 பதிப்பிலிருந்து ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற இரண்டு உரிமங்கள், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டுமே திறந்த மூல உரிமங்கள் அல்ல. எஸ்எஸ்பிஎல்லைப் பற்றி, எது திறந்த மூல உரிமம் என்று பார்த்து அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு 2021-லேயே வெளிப்படையாக அப்படிச் சொல்லிவிட்டது. அந்த மென்பொருளைச் சேவையாக விற்பவர், தன் மேலாண்மை, கண்காணிப்பு, காப்புப் பிரதி எடுக்கும் நிரல்கள் வரை எல்லாவற்றையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்கிறது அது. எந்தக் கிளவுட் நிறுவனமும் அதைச் செய்யப் போவதில்லை என்று தெரிந்தே எழுதப்பட்ட நிபந்தனை.

நிறுவனத்தின் குறை முழுப் பொய்யல்ல. அமேசான் 2013-லிருந்து ரெடிஸைத் தன் எலாஸ்டிகேஷ் சேவையில் விற்றுவருகிறது. அந்த வருமானத்தில் ரெடிஸ் நிறுவனத்துக்குப் பங்கு கிடையாது. உழைப்பு ஒருவருடையது, கல்லாப்பெட்டி இன்னொருவருடையது என்ற கோபம் புரிகிறது. ஆனால் "அமேசான் எடுத்துக்கொண்டது, ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லும்போதுதான் எனக்கு இடறுகிறது. ஆன்டிரெஸ் விலகிய பிறகு ரெடிஸை வழிநடத்த ஐவர் குழு அமைத்தார்கள். மூவர் அந்த நிறுவனத்தினர். மற்ற இருவரில் ஒருவர் அமேசானில் வேலை பார்த்த மேடலின் ஓல்சன், இன்னொருவர் அலிபாபாவைச் சேர்ந்தவர். வெளியாட்கள் சும்மா வந்து அள்ளிக்கொண்டு போனவர்கள் இல்லை, உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவர்கள்.

அதனால்தான் வால்கீ அவ்வளவு சீக்கிரம் பிறந்தது. அறிவிப்பு வந்த எட்டாவது நாள், மார்ச் 28 அன்று, திறந்த மூலத் திட்டங்களுக்குப் பொது இடம் தரும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதைத் தொடங்கியதாகச் சொன்னது. பிஎஸ்டி உரிமத்தில் இருந்த 7.2.4 பதிப்பை அப்படியே எடுத்து அதிலிருந்து பிரிந்தது. பின்னால் அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன், ஸ்னாப் நின்றன. ரெடிஸை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள், பெயர்ப் பலகை மாட்டுவதுதான் பாக்கி.

இதில் அமேசானைத் தியாகியாக்க வேண்டாம். திறந்த மூலத்துக்காக அவர்கள் கண்ணீர் விடுவதைப் பார்த்தால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் நினைவுக்கு வருகிறது. அடுத்த அக்டோபரிலேயே தங்கள் எலாஸ்டிகேஷில் வால்கீயை ரெடிஸைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்: சர்வர்லெஸ் வகையில் 33 விழுக்காடு, சாதாரண வகையில் 20 விழுக்காடு குறைவு. வாடிக்கையாளர்கள் தாமாகவே நகர்ந்துவிடுவார்கள் என்ற கணக்கு அது.

ஆக, நியாயம் யார் பக்கம் என்றால், எதிர்காலத்தில் பணம் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. இலவசமாகத் திருத்தம் அனுப்பியவர்களிடம் கொடுத்த வாக்கை மீறும் உரிமை இல்லை. சட்டப்படி அதற்கு இடம் இருந்தது, அது வேறு விஷயம்.

சட்டப்படி அப்படி மாற்ற எப்படி முடிந்தது என்பது பலருக்கும் பிடிபடாத இடம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அடுத்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் உதவும். ஒரு நிறுவனம் உரிமத்தை மாற்றுவதற்கு வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பங்களிப்போரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வது. சிஎல்ஏ என்று அழைக்கப்படும் ஒப்பந்தம் அது. நீங்கள் அனுப்பும் நிரலை நாங்கள் விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம் என்று அதில் நீங்களே ஒப்புக்கொடுத்திருப்பீர்கள். 2018-இல் மாங்கோடிபி, 2021-இல் எலாஸ்டிக், 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் என்று இதேபோல் தங்கள் மென்பொருளின் உரிமத்தை இறுக்கிய நிறுவனங்கள் எல்லாம் இதைக் கையில் வைத்திருந்தவை. இரண்டாவது வழி, உரிமமே தளர்வாக இருப்பது. ரெடிஸ் போனது இந்த வழியில்தான். பிஎஸ்டி நிரலை யாரும் மூடிய பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த "யாரும்" என்பதில் ரெடிஸ் நிறுவனமும் அடக்கம். யாரிடமும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இந்த இரண்டும் இல்லை. உரிமம் ஜிபிஎல் 2 (மாற்றி விநியோகிப்பவரும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும்), சிஎல்ஏ கிடையாது, பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் உரிமத்தை மாற்ற முடியாது.

இதை வைத்து "அப்படியானால் ஜிபிஎல்தான் ஒரே பாதுகாப்பு" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இடிக்கிறது. அதன் உரிமமும் பிஎஸ்டி போலத் தளர்வானது. அதை எடுத்து மூடிய பொருள் செய்து விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. ஆனாலும் போஸ்ட்கிரெஸ் போஸ்ட்கிரெஸாகவே இருக்கிறது. காரணம், அதை எழுதுபவர்கள் பல நிறுவனங்களில் பரவியிருக்கிறார்கள். மையக் குழுவில் எந்த ஒரு நிறுவனத்தின் ஆட்களும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். 2020-இல் இரண்டு போஸ்ட்கிரெஸ் நிறுவனங்கள் இணைந்து அந்த வரம்பு மீறப்பட்டபோது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று குழு பொதுவெளியிலேயே சொன்னது. அங்கே யாராவது தன் பங்கை மூடிக்கொண்டால் அவர்தான் வெளியே நிற்பார்.

என் கட்சிக்கு ஒத்துவராத ஓர் உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். மாங்கோடிபி திரும்பி வரவே இல்லை. இன்றும் எஸ்எஸ்பிஎல்தான், நன்றாகவே தொழில் நடக்கிறது. காரணம் யோசித்துப் பார்த்தால் சுவையானது. அது முன்பு, மாற்றியதை வெளியிடச் சொல்லும் ஏஜிபிஎல்லில் இருந்தது. கிளவுட் நிறுவனங்களுக்கு அந்தப் பழைய பதிப்பை எடுத்துப் பிரிந்து போவதும் கசப்புதான். எனவே அமேசான் 2019-இல் மாங்கோடிபி போலவே பேசும் டாக்குமென்ட்டிபி என்ற தனிச் சேவையை உருவாக்கிக்கொண்டது. ரெடிஸும் எலாஸ்டிக்கும் தளர்வான உரிமத்திலிருந்து கிளம்பியவை. பூட்டிக்கொள்ள அவர்களுக்கு இடம் தந்த அதே தளர்வு, போட்டியாளர் அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் இடம் தந்தது. இருவருமே ஏஜிபிஎல்லைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார்கள், எலாஸ்டிக் 2024-இல், ரெடிஸ் 2025 மே மாதம். ஹாஷிகார்ப் திரும்பவில்லை. அதன் மென்பொருளிலிருந்து ஓபன்டோஃபு பிரிந்து போக, ஹாஷிகார்ப் 640 கோடி டாலருக்கு ஐபிஎம்மிடம் போய்ச் சேர்ந்தது.

ரெடிஸ் திரும்பியதில் ஆன்டிரெஸுக்குப் பங்குண்டு. 2024 இறுதியில் அவர் மீண்டும் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். ரெடிஸ் 8-இல் வந்திருக்கும், ஒன்றோடொன்று ஒத்தவற்றைத் தேட உதவும் வெக்டர் செட் என்ற புதிய தரவு வகை அவர் எழுதியதுதான். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2018-இல் உறுதி சொன்னவரும் அவரே. அவர் பொய் சொல்லவில்லை, அவர் கையில் முடிவு இல்லாமல் போனது. நல்ல மனிதர் உள்ளே இருப்பதை வைத்து உரிமத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏஜிபிஎல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பயம் தேவைக்கு அதிகமாகப் பரவியிருக்கிறது. மென்பொருளை மாற்றி, மாற்றியதை வலைவழியாகப் பிறர் பயன்படுத்த விட்டால் மாற்றிய மூலநிரலைத் தர வேண்டும் என்பதுதான் அது கூடுதலாகக் கேட்பது. ரெடிஸை மாற்றாமல் அப்படியே ஓட்டினால் உங்களுக்கு ஒரு சுமையும் இல்லை. இதை எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் சட்டப் பிரிவுக்கு விளக்கிப் பார்த்தேன். அவர்கள் அனுப்பிய எக்செல் தாளில் ஏஜிபிஎல் என்ற வரிசை சிவப்பு நிறத்தில் இருந்தது. எதிரே "அனுமதி இல்லை" என்று மட்டும் போட்டிருந்தது, காரணம் எழுத இடமே விடவில்லை. கூகுளும் நிறுவனத்துக்குள் ஏஜிபிஎல் மென்பொருளுக்குத் தடை வைத்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்களிடம் அப்படி ஒரு தாள் இருந்தால், விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். மாறும்போது உங்களுக்குச் சிரமமே இருந்திருக்காது. அதே 6379 போர்ட், அதே கட்டளைகள், ரெடிஸ் தன் தரவைச் சேமித்து வைக்கும் பழைய ஆர்டிபி கோப்பையும் அப்படியே திறக்கும். வால்கீ 8-இல் இன்ஃபோ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். வால்கீ பதிப்பு என்று தன் எண்ணைச் சொல்லும். கூடவே ரெடிஸ் பதிப்பு 7.2.4 என்றும் ஒரு வரி இருக்கும். ரெடிஸ் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பழைய நிரல்கள் குழம்பக் கூடாது என்பதற்காக, பிரிந்த நாளின் எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறது.

ஆனால் இரண்டும் நாளுக்கு நாள் விலகிக்கொண்டிருக்கின்றன. ரெடிஸ் 7.4 தன் ஆர்டிபி கோப்பு வடிவத்தின் எண்ணை 12 ஆக்கியது. வால்கீ 8 வரை 11-தான். 7.4-இல் எழுதிய கோப்பை வால்கீ 8-இடம் கொடுத்தால், 12-ஐக் கையாளத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். வால்கீ 9 மோதலே வேண்டாம் என்று எண்ணை ஒரேயடியாக 80-க்குத் தூக்கிவிட்டது. அதாவது நீங்கள் இன்னும் வால்கீ 8-இல் இருந்தால், உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு ரெடிஸ் 8-க்குப் போக முடியும். 9-க்கு ஏறிய பிறகு கோப்பை நகலெடுத்துத் திரும்பும் வழி இல்லை. ஆகவே, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

வெக்டர் செட் உங்களுக்கு நிஜமாகவே தேவை, அதற்கு வேறு ஏற்பாடு இல்லை, வாடிக்கையாளர்களிடம் சிவப்புத் தாளும் இல்லை என்றால் ரெடிஸ் 8-க்குப் போங்கள், குற்றவுணர்வு வேண்டாம். மற்றபடி அமர்வுத் தகவல், வரிசை, கேஷ் (தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தற்காலிகமாக வைத்திருக்கும் நகல்) என்று வழக்கமான வேலைதான் என்றால் இருக்கும் இடத்திலேயே இருங்கள். வால்கீயிலும் பெரிய நிறுவனங்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன, அவர்களும் தங்கள் ஆதாயத்துக்காகத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் அமேசான் பூட்ட நினைத்தால் கூகுளும் எரிக்சனும் அலிபாபாவும் சும்மா இருக்க மாட்டார்கள், பெயரும் லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் இருக்கிறது. எனக்கு அந்தப் பரஸ்பரச் சந்தேகமே போதும்.

இன்னொன்று: உங்கள் பழைய சர்வர் ஏதாவது ரெடிஸ் 7.4-இல் தவறிப்போய் ஏறியிருந்து, அதில் இருப்பது வெறும் கேஷ் என்றால், கோப்பை மாற்றுவதற்காக இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள். வால்கீயைக் காலியாகத் தொடங்கி, கூட்டம் குறைந்த நேரத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். முதல் சில நிமிடங்கள் தரவுத்தளம் மூச்சு வாங்கும், பிறகு தானாக நிரம்பிவிடும்.