25,000 ரூபாய்க்கு அனுபவச் சான்றிதழ் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். வயது 34. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் நான்கு மாதம் சேல்ஸில் இருந்தேன். கையில் 52,000 வந்தது, அடிப்படைச் சம்பளம் 30,000. போகாத ஊருக்கு லாட்ஜ் பில், டாக்ஸி பில் போட்டு எட்டு மாதத்தில் 18,400 ரூபாய் எடுத்துவிட்டேன். ஆடிட்டில் மாட்டினேன். விசாரணை வைத்து, ஒழுங்கீனம் என்று எழுதி, போன மாதம் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கிடையாது என்று வாயால் சொன்னார்கள். மனைவிக்குத் தனியார் பள்ளியில் 16,000 சம்பளம். மகள் இரண்டாம் வகுப்பு. மாதச் செலவு, தவணை, சீட்டு எல்லாம் சேர்த்து 49,600 ஆகிறது. வங்கியில் 1,85,000 இருக்கிறது. பி.எஃப்.பில் 3,10,000. பர்சனல் லோன் பாக்கி 2,90,000. பி.எஃப். எடுத்து லோனை அடைத்துவிடலாமா? ஒருவர் 25,000 கொடுத்தால் வேறு கம்பெனி பெயரில் ஆறு வருட அனுபவச் சான்றிதழும் சம்பள ஸ்லிப்பும் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? திருப்பூரில் ஒரு பம்ப் டீலர் 36,000-க்குக் கூப்பிடுகிறார். அவ்வளவு கீழே இறங்கினால் மறுபடி ஏற முடியுமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: தப்பை மறைக்காமல், தொகையோடு எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் "மேனேஜருக்கு என்னைப் பிடிக்காது" என்றுதான் தொடங்குவார்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சான்றிதழ். வாங்காதீர்கள். நீதி நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்காக மட்டுமே பார்த்தாலும் அது வீண் செலவு. ஆறு வருடமாக உங்கள் பி.எஃப். எந்த நிறுவனத்திலிருந்து வந்தது என்பது உங்கள் யூ.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்), சேர்ந்த தேதியோடு இருக்கிறது. ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் ஆள் எடுக்கும்போது பின்னணி சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் கொடுக்கிறது. அவர்கள் கேட்கும் முதல் காகிதங்களில் ஒன்று பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி. சான்றிதழில் ஒரு கம்பெனி, பி.எஃப்.பில் வேறு கம்பெனி என்றால் ஒரு மத்தியான வேலையில் வெளியே வந்துவிடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இப்படித்தான் சேர்ந்தார். ஏழாவது மாதம் ரிப்போர்ட் வந்தது, அன்று சாயங்காலமே ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். வேலை வந்த தைரியத்தில் கார் லோன் வேறு போட்டிருந்தார். உங்களுக்கு இப்போது இருப்பது ஒரு கரும்புள்ளி. போலிச் சான்றிதழைக் கொடுத்தால் அது இரண்டாவது, அதுவும் போலீஸ் கேஸ் ஆகக்கூடியது.

அந்த 25,000-ஐவிடக் குறைவான செலவில் உருப்படியான ஒரு காரியம் செய்யலாம். 18,400 ரூபாயைக் கடைசி செட்டில்மென்ட்டில் பிடித்துவிட்டார்களா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வங்கி வழியாகத் திருப்பிக் கட்டி ரசீது வாங்குங்கள். பிறகு எச்.ஆரைச் சந்தித்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும் போட்ட ஒரு சர்வீஸ் சான்றிதழ் கேளுங்கள். டிஸ்மிஸ் ஆர்டரை ராஜினாமாவாக மாற்றித் தர முடியுமா என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பணம் திரும்பி வந்துவிட்டால் சில முதலாளிகள் இளகுவார்கள், சிலர் மாட்டார்கள். எப்படியானாலும், "யாராவது போன் செய்து என்னைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வீர்கள்?" என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள். இன்டர்வியூவில் நீங்கள் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிராஜுவிட்டிக்கு வருகிறேன். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் அடிப்படைச் சம்பளம்: உங்கள் கணக்கு 30,000 × 15 ÷ 26 × 6, ஏறத்தாழ 1,03,800 ரூபாய். ஒழுங்கீனம் என்று எழுதிவிட்டாலே அது போய்விடாது. ஒருவரின் செயலால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்றால் அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். வேலையின்போது செய்தது அடிதடி, ரகளை, அல்லது ஒழுக்கக்கேடான குற்றம் என்றால்தான் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மறுக்கலாம். 1972 சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பொய் பில் இந்த மூன்றாவது வகையில் வரும் என்று அவர்கள் வாதாடலாம். அதற்குக் கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், டிக்கெட் காசைக் கையாடிய மகாராஷ்டிர பஸ் கண்டக்டர்களுக்கு 25 சதவீதம் மட்டும் பிடித்தால் போதும் என்றது. உங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 77,900 ரூபாய் மிஞ்சும். ஆகவே எழுத்தில் விண்ணப்பியுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் துறை வரை போவதா என்பதை அந்தச் சர்வீஸ் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம். ஒரே நேரத்தில் தயவும் கேட்டு வழக்கும் போட முடியாது, இல்லையா?

வேலை செய்த நாட்களின் சம்பளம் வேறு விஷயம், அதில் தயவு எதுவும் இல்லை. டிஸ்மிஸ் ஆனவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

பி.எஃப். பணம் உங்களுடையது, நிறுவனம் அதில் கை வைக்க முடியாது. ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டதால் எடுத்தாலும் வரி இல்லை. லோன் வட்டி பி.எஃப். வட்டியைவிட அதிகம் என்பதால் அடைப்பது லாபம் என்று தோன்றும். வேலையில் இருப்பவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். வேலை இல்லாதவருக்கு வட்டியைவிடக் கையிருப்பு பெரிது. பி.எஃப்.பைக் கொட்டி லோனை அடைத்தால், நாளை மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது எந்த வங்கியும் உங்களுக்குப் புது லோன் தராது. சம்பள ஸ்லிப் இல்லையே! தவணையை மாதாமாதம் கட்டிக்கொண்டே வாருங்கள். ஒருவேளை பி.எஃப்.பைத் தொடத்தான் வேண்டும் என்றாலும் பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். பிரவுசிங் சென்டரில் பி.எஃப். எடுக்கும் ஃபார்ம் 19-ஓடு, பென்ஷன் பணத்தை எடுக்கும் 10சி-யையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். உங்களிடம் இருக்கும் ஆறு வருடத்தை இப்போது கைக்கு வரும் பணத்துக்காக அழித்துவிட்டு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டாம். விலகிய தேதியை நிறுவனம் ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்றாவிட்டால், கடைசியாகப் பணம் வரவு வைத்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் போடலாம்.

இன்னொன்று, கம்பெனி மெடிக்ளெய்ம் நீங்கள் வெளியே வந்த அன்றே முடிந்திருக்கும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி பாலிசி இந்த வாரமே எடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது.

இப்போது திருப்பூர். மனைவியின் சம்பளம் போக உங்கள் வீட்டுக்கு மாதம் 33,600 குறைகிறது. வங்கியில் இருப்பது ஐந்தரை மாதத்துக்கு வரும். 36,000-ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் காத்திருந்து 52,000-க்கே வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இழந்த சம்பளம் 1,08,000. மாதம் 16,000 அதிகம் வந்தாலும் அதை ஈடுகட்ட ஏழு மாதம் ஆகும். அதாவது, எல்லாம் நினைத்தபடி நடந்தாலே பத்து மாதம் கழித்துத்தான் சமநிலை. போய்ச் சேருங்கள். அங்கே இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால், அடுத்த இன்டர்வியூவில் பழைய வேலையைப் பற்றிப் பேசும் நேரம் பாதியாகிவிடும்.

ஆனால் சேருவதற்கு முன் அந்த டீலரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பம்ப் வியாபாரத்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் கிடையாது. உங்கள் பழைய நிறுவனத்தின் ஆள் வந்து டீ குடித்துக்கொண்டே சொல்லி அவருக்குத் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரியட்டும். நீட்ட வேண்டாம். "அண்ணா, பயண பில்லில் பொய்க் கணக்குப் போட்டேன், 18,400 ரூபாய். அதுக்காகத்தான் நிறுத்தினாங்க. பணத்தைக் கட்டிட்டேன், ரசீது இருக்கு. வசூல்ல, ஸ்டாக்குல என் மேல ஒரு புகாரும் இல்லை, நீங்க விசாரிக்கலாம்." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு எழுதும்போது ரெஸ்யூமேயில் காரணம் போட வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் "எப்போதாவது நீக்கப்பட்டதுண்டா?" என்று கேட்டிருந்தால் ஆம் என்று போட்டுவிடுங்கள்.

திருப்பூருக்குத் தினமும் பைக்கில் போய்வந்தால் நூறு கிலோமீட்டர், மாதம் ஐயாயிரம் பெட்ரோலுக்கே போய்விடும். ரயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். அங்கே லைனுக்கு, அதாவது ஊர் ஊராக ஆர்டர் எடுக்க, போகும் செலவை மாதம் இவ்வளவு என்று நிலையான படியாகப் பேசி, சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பில் கொடுத்துப் பணம் வாங்கும் ஏற்பாடே வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.