‘மலையிலிருந்து நன்றி’ சொல்லும் தோழிக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது எப்படி?

கேள்வி: போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் போலந்துத் தோழிக்கு வாரம் மூன்று மாலை ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பள்ளியில் படித்த இலக்கணம் அவருக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. தினமும் இருபது சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார், ஒரே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. மரபுத்தொடர்களைத் தன் மொழியிலிருந்து அப்படியே மாற்றிப் பேசுவதால் லண்டன் வாடிக்கையாளர்களுக்குப் புரிவதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்த நோட்டிலிருந்தே தொடங்குங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் போலிஷ் சொல், நடுவில் ஒரு சமக்குறி. நான் சொல்லித் தந்த போலந்து மாணவர்கள் பெரும்பாலோரின் நோட்டு இப்படித்தான் இருந்தது. மறதியைவிடப் பெரிய தொந்தரவு அந்தச் சமக்குறிதான்.

போலிஷில் போஜிச்சிச் என்று ஒரு வினை உண்டு. கடன் கொடுப்பதற்கும் அதுதான், வாங்குவதற்கும் அதுதான். யாருக்கு, யாரிடமிருந்து என்பதை வைத்து அவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் லெண்ட் வேறு, பாரோ வேறு. அதேபோல ரோபிச் என்ற ஒரே வினை நிற்கும் இடத்தில் ஆங்கிலம் டூ, மேக் என்று இரண்டை வைத்திருக்கிறது. போட்டோ எடுப்பதற்கும் அவர்களுக்கு ரோபிச் போதும், ஆங்கிலத்திலோ டேக் வேண்டும். ரெங்கா என்றால் கையும் அதுதான், புயமும் அதுதான். இது நமக்கும் பழக்கமான சங்கதி. ‘கை வலிக்கிறது’ என்று நாம் சொன்னால் ஹேண்டா ஆர்மா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிழலும் அப்படியே. மரநிழலுக்கு ஷேட், சுவரில் விழும் நம் நிழலுக்கு ஷேடோ. தமிழிலும் போலிஷிலும் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழ் பேசும் நீங்கள் இதை அவருக்குப் புரியவைப்பது சுலபம்.

ஆகவே தனிச் சொல்லை எழுதவே விடாதீர்கள். பாரோ என்று எழுதாமல், ‘கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்?’ என்று முழு வாக்கியமாக எழுதட்டும். வலப்பக்கத்தில் போலிஷ் அர்த்தத்துக்குப் பதில் அந்த வாக்கியம் எப்போது வரும் என்று ஒரு வரி போலிஷில் எழுதினால் போதும்.

அடுத்தது, ஒன்றுபோல ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள். இவற்றை நான் தனியாகவே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் சொல்பவருக்கே தவறு தெரியாது. என் மாணவி ஒருவர் வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சல் இது: ‘வீ கேன் மீட் ஆன் டியூஸ்டே, ஈவன்ச்சுவலி ஆன் தர்ஸ்டே.’ போலிஷில் எவெந்துவால்னியே என்றால் ‘தேவைப்பட்டால்’, ‘இல்லையென்றால்’ என்று பொருள். செவ்வாய் முடியாவிட்டால் வியாழன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆங்கிலத்தில் ஈவன்ச்சுவலி என்றால் ‘கடைசியில்’. அந்தப் பக்கத்தில் இருந்தவர், நாள் வியாழனுக்குத் தள்ளிப்போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். செவ்வாயன்று இவர் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லாத வாக்கியம்!

ஆக்துவால்னியே என்றால் ‘தற்போது’, ஆக்சுவலி இல்லை. சிம்பாதிச்னி என்றால் இனிமையானவர், சிம்பதெடிக் இல்லை. ஓர்தினார்னி என்றால் ஆபாசமான, கொச்சையான என்று பொருள், ஆர்டினரி இல்லை. ப்ரெசெர்வாத்தீவா என்றால் ஆணுறை. ஜாம் பாட்டிலில் ப்ரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று பேசும்போது போலந்துக்காரர் சிரித்தால் காரணம் இதுதான். அலுவலகத்தில் அடிக்கடி வருகிற பத்துப் பன்னிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஈவன்ச்சுவலியும் ஆக்சுவலியும் கட்டாயம்.

சரி, இனி அவருடைய பெரிய பலத்துக்கு வருவோம். டேக் ஆஃப், கிவ் பேக், திரோ அவுட் போன்ற வினைத்தொடர்களைப் பார்த்தால் போலந்து மாணவர்கள் பயப்படுவார்கள். பயமே தேவையில்லை. இந்த வேலையை அவர்கள் மொழி முன்னொட்டு வைத்துச் செய்கிறது. பிஸாச் என்றால் எழுது. ஸாபிஸாச் குறித்துவை, ஒத்பிஸாச் பதில் எழுது, போத்பிஸாச் கையெழுத்துப் போடு, தோபிஸாச் கூடுதலாகச் சேர்த்து எழுது. எழுதிவை, எழுதிக்கொடு, எழுதித்தள்ளு என்று நாம் துணைவினையைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், ஆங்கிலக்காரர் தனியாக நிறுத்துகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒத் என்ற முன்னொட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்தாச் கிவ் பேக், ஒத்ஸ்வோனிச் கால் பேக், ஒத்பிஸாச் ரைட் பேக். கூட்டத்தைத் தள்ளிப்போடுவதற்கு அவர்கள் சொல்வது ஒத்வோஜிச், ஆங்கிலத்தில் புட் ஆஃப். கிட்டத்தட்ட உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. வி என்ற முன்னொட்டு பல இடங்களில் அவுட்: விய்ஷ்ச் கோ அவுட், விஜூச்சிச் திரோ அவுட். எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கிவ் அப் என்பதற்குப் போலிஷில் போத்தாச் ஷியேன். போத் என்றால் ‘கீழே’. ஆங்கிலக்காரர் மேலே கொடுக்கிறார், இவர்கள் கீழே கொடுக்கிறார்கள். இப்படிக் கவனித்த விதிவிலக்கு மறக்கவே மறக்காது.

மரபுத்தொடர்களுக்கு வருகிறேன். ‘தேங்க் யூ ஃப்ரம் த மவுண்டன்’ போலந்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. ஸ் கூரி என்றால் ‘முன்கூட்டியே’, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘மலையிலிருந்து’. உங்கள் தோழி வேடிக்கைக்காகச் சொல்லாமல் நிஜமாகவே இப்படிச் செய்துவிடுகிறார்.

படத்தை மொழிபெயர்க்காமல், அந்தத் தொடர் பிறக்கும் சூழ்நிலையை வைத்து ஜோடி சேருங்கள். சொன்னது ஏறவே இல்லை என்றால் அவர் ‘சுவரில் பட்டாணி எறிவது’ என்பார், நாம் செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம், ஆங்கிலத்தில் ‘டாக்கிங் டு எ பிரிக் வால்’. அவர் ஒரே நெருப்பில் இரண்டு இறைச்சி சுடுவார், நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம், ஆங்கிலக்காரர் இரண்டு பறவை அடிப்பார். சுலபமான வேலை அவருக்கு ‘வெண்ணெய் தடவிய பன்’, ஆங்கிலத்தில் பீஸ் ஆஃப் கேக். நேரம் கடந்து வந்த உதவி ‘சாப்பாட்டுக்குப் பிறகு கடுகு’. நமக்கோ கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆங்கிலத்தில் இதற்கு ‘டூ லிட்டில், டூ லேட்’ போதும், படம் எதுவும் வேண்டாம். பனிப்பாறையின் நுனி, ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் போன்றவை இரு மொழியிலும் ஒன்றே, அவற்றுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். ‘என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை’ என்ற போலிஷ் பழமொழி ஆங்கிலத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அதை அவர் தைரியமாகச் சொல்லலாம். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ புத்தகத்தில் இருக்கும், பேச்சில் அரிது. ‘இட்ஸ் போரிங்’ என்றால் போதும், ஆனால் மழை கொட்டுகிறது என்பதற்கான சொல் அது, சலிப்புக்கானது இல்லை என்று எழுத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘ப்ரீபோன்’ எல்லாம் நம் ஊர் ஆங்கிலம். நமக்குள் அழகாகவே வேலை செய்கிறது. லண்டன் வாடிக்கையாளரிடம் பேசப்போகிறவருக்கு மட்டும் தெரியாமல் கைமாற்றிவிடாதீர்கள்.

மறதிக்கு மருந்தும் போலந்திலேயே இருக்கிறது. போஸ்னான் நகரில் மாணவராக இருந்த பியோத்ர் வோஸ்னியாக், ஆங்கிலச் சொற்களும் உயிரியல் பாடமும் மறந்துபோகாமல் இருக்க, 1985இல் தாளிலேயே ஒரு கணக்குப் போட்டார்: படித்ததை 1 நாள், 7 நாள், 16 நாள், 35 நாள் இடைவெளிகளில் திரும்பப் பார்ப்பது. 1987இல் அதைக் கணினி நிரலாக்கினார். அதுதான் சூப்பர்மெமோ. இன்று பலர் போனில் வைத்திருக்கும், அட்டை அட்டையாகக் கேள்வி காட்டும் அன்கி செயலியும் அவருடைய கணக்கை அடியாக வைத்துப் பிறந்ததே. உங்கள் தோழிக்கு அன்கி போதும். இருபது சொல்லை நிறுத்திவிட்டு நாளுக்கு ஆறு அல்லது ஏழு வாக்கியம் போதும். அட்டையின் முன்பக்கம் சூழ்நிலை, பின்பக்கம் ஆங்கில வாக்கியம். புது அட்டை போட நேரம் இல்லாத நாளிலும் பழையதைப் பார்ப்பது மட்டும் நிற்கக் கூடாது.

வாக்கியங்களுக்குப் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டாம். அடுத்த வகுப்புக்கு வரும்போது, போன வாரம் அவர் அனுப்பிய பத்து மின்னஞ்சல்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பதில்களில் உள்ள நல்ல வாக்கியங்கள் அட்டைக்குப் போகட்டும். அவர் எழுதியதில் ஈவன்ச்சுவலி எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.