இராகலைக்கு ஓடிய கோச்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் இலங்கை மலைநாட்டில் உள்ள கந்தப்பளை. ஒரு காலத்தில் இங்கே ஸ்டேசன் இருந்தது, கோச்சி (ரயில்) இராகலை வரைக்கும் போனது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 1948இல் வெள்ளைக்காரன் போகும்போது தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். இதில் எது உண்மை? பாதை போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசகர், கந்தப்பளை

அன்புள்ள வாசகருக்கு,

கோச்சி வந்தது உண்மை. நானுஓயாவில் புறப்பட்டு, நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சுமார் 19 மைல். 1903இல் நுவரெலியாவுக்கும் அடுத்த ஆண்டு இராகலைக்கும் திறந்தார்கள். பெயர் உடப்புசல்லாவை ரயில் பாதை. ஆனால் உடப்புசல்லாவையை அது எட்டவே இல்லை. இன்று நாட்டிலேயே உயரமான ஸ்டேசன் என்று பட்டிப்பொளையைக் காட்டுகிறார்கள். உங்கள் கந்தப்பளை ஸ்டேசன் அதைவிட உயரத்தில் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய விஷயம் இது.

தண்டவாளக் கதைக்கு வருகிறேன். பாதையை மூடியது 1948இல்தான், சுதந்திரம் கிடைத்த அதே வருடம். ஆனால் ஆட்களை ஏற்றுவது 1940இலேயே நின்றுவிட்டது. அதன்பிறகு ஓடியது சாமான் மட்டும். பாதையைக் கெடுத்த நோய் அதற்கும் முந்தியது.

நானுஓயாவுக்கு வரும் பிரதான பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம் 1676 மில்லிமீற்றர். இராகலைப் பாதை 762 மட்டுமே. ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடாது. தேயிலைப் பெட்டியை பெக்டரியில் வண்டியில் ஏற்றி, ஸ்டேசனில் சின்னக் கோச்சிக்கு மாற்றி, நானுஓயாவில் மறுபடி இறக்கிப் பெரிய கோச்சியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி, நேரம். பெட்டியின் மூலை இடிபட்டு உள்ளே இருக்கும் ஈயத்தாள் கிழிந்தால் தேயிலை ஈரம் இழுக்கும். லொறி வந்ததும் பெக்டரி வாசலில் ஏற்றி நேரே நானுஓயாவில் இறக்கினார்கள். ஒரு கைமாற்றம் மிச்சம். 19 மைல் பாதை அதோடு போட்டிபோட முடியாது.

தேடும்போது கட்டடத்தைத் தேடாதீர்கள், சரிவைத் தேடுங்கள். இந்தப் பாதையின் கடும் ஏற்றம் 24க்கு 1, அதாவது 24 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏறும். தோட்டத்து ரோட்டும் குறுக்குப்பாதையும் அதைவிடச் செங்குத்தாக ஏறும், கோச்சியால் முடியாது. 12 மீற்றரைவிடக் கொஞ்சம் நீளமான தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பாதையில் 12 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு இடத்தில் முனைகளைப் பிடியுங்கள். இரு முனையிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரைவரை அளந்து கழித்தால் ஏற்றம் தெரியும். அரை மீற்றருக்கு மேல் வந்தால் அது கோச்சிப் பாதை இல்லை. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். விரலால் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு அளவெடுங்கள். மண் சரிந்த இடங்களும் ஏமாற்றும், ஆகவே ஒரே இடத்து அளவை நம்பாமல் நாலைந்து இடத்தில் பாருங்கள். மலையை ஒருபக்கம் வெட்டி, மறுபக்கம் மண் கொட்டி, தேயிலைக்கு நடுவே நிதானமாக வளைந்து போகும் தட்டையான தடம், நடுவில் கல் கட்டிய பழைய மதகு, இரண்டும் சேர்ந்து கிடைத்தால் பெரும்பாலும் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) கொல்லையில் தண்டவாளத் துண்டு தூணாக நிற்பதைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பழைய இரும்பு எங்கிருந்தும் வந்திருக்கலாம். லீக்ஸும் கரட்டும் போட்ட நிலத்தில் பாதையின் தடமே புதைந்துபோயிருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் எங்கும் மண்வெட்டி வைக்காதீர்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது “கோச்சி பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “ஆள் ஏறினார்களா, சாமான் மட்டுமா?” என்று கேளுங்கள். ஆள் ஏறியதைத் தன் கண்ணால் கண்டேன் என்பவர் 1940க்கு முந்திய நினைவைச் சொல்கிறார். அவர் பேச்சை அன்றைக்கே பதிவுசெய்துவிடுங்கள்.

எழுத்துச் சான்றுக்குக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இலங்கை நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். ரயில்வே பகுதியில் 1903 தொடங்கி 1948 வரை வருடம் வருடமாகப் பார்க்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும்) வரைபடத்தில் நுவரெலியாத் தாளையும் கேளுங்கள். பதிப்பு 1948க்கு முந்தியதாக இருக்கட்டும்.