பதில்: கிராடியஸ் வரிசையில் எதிலிருந்து தொடங்குவது?

கோனாமி நிறுவனத்தின் விண்கலச் சுடும் வீடியோ ஆட்டமான கிராடியஸின் முதல் பாகத்தில் ஒருமுறை கலம் வெடித்ததும் சக்தி எல்லாம் போய்விடுகிறது, மீளவே முடியவில்லை, நெமசிஸ், லைஃப் ஃபோர்ஸ் என்ற பெயர்களும் குழப்புகின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் பெயர்கள். கோனாமியின் 1981 ஸ்கிராம்பிள்தான் இந்த வரிசையின் மூதாதை. 1985இல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் பொது இயந்திரத்தில்) வந்த கிராடியஸ் ஜப்பானுக்கு வெளியே நெமசிஸ் ஆனது. 1986இல் வந்த சாலமாண்டர் அமெரிக்காவில் லைஃப் ஃபோர்ஸ். எம்எஸ்எக்ஸ் வீட்டுக் கணினியில் வந்த கிராடியஸ் 2 வேறு, 1988 ஆர்கேடின் இரண்டாம் பாகம் வேறு.

அப்புறம் உங்கள் சிக்கல். உங்கள் திறமையில் குறை இல்லை, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. எதிரிகள் விட்டுச்செல்லும் கேப்சூல்களைச் சேர்த்து, வேகம், ஏவுகணை, லேசர், துணைக்கலம் என்று நாமே தேர்ந்தெடுக்கும் அந்தப் பட்டைதான் இந்த வரிசையின் உயிர். சேர்த்ததை மொத்தமாக இழப்பது அதன் மறுபக்கம். ஃபாமிகாம் (நின்டெண்டோவின் வீட்டு ஆட்டக்கருவி) பதிப்பைச் சோதிக்கும்போது அதை உருவாக்கிய கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கே கடினமாக இருந்ததால்தான் சக்திகளை ஒரேயடியாகத் தரும் ரகசியக் குறியீடான கோனாமி கோடு பிறந்தது. இடைநிறுத்தி மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அழுத்துங்கள். தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் சூப்பர் நின்டெண்டோவின் கிராடியஸ் 3இல் இதையே அழுத்தினால் கலம் வெடித்துவிடும்!

சாலமாண்டரில் விழுந்த இடத்திலேயே தொடரலாம், துணைக்கலங்களையும் பிடித்துக்கொள்ளலாம். ட்ரெஷர் நிறுவனம் உருவாக்கிய 2004 கிராடியஸ் 5உம் அப்படித்தான். என்னைக் கேட்டால், அந்த ஐந்தாவதில் தொடங்கிக் கை பழகியதும் முதல் பாகத்துக்குத் திரும்புங்கள்.