முற்று வரும்வரை

அன்புள்ள ஐயா,

ஏற்காடு மலைப்பாதை பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன். 58 சொற்கள்! ஆங்கிலத்தில் 20 சொல்லைத் தாண்டாதே என்றுதான் எனக்கு அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த ஊர் ஓமலூர், இப்போது இருப்பது ஜெர்மனியில். இங்கே ஞாயிறு இரவு எட்டேகாலுக்கு ஒன்றரை மணி நேரத் துப்பறியும் படம் போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள், கதை அன்றைக்கே முடிந்துவிடும். ஊருக்கு வந்தால் அம்மா ஆறரையிலிருந்து பத்துவரை சீரியல், அதுவும் பாதி நேரம் அடுப்படியில் நின்றபடி. இப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு நீள வாக்கியம் எப்படி ஏறும்? சின்னதாக எழுதுங்களேன்.

ர.

அன்புள்ள ர.,

58 இல்லை, 61. நானும் எண்ணினேன்.

ஆனால் அந்த 20 எனக்குச் சரிப்படாது. 'போய்விட்டிருக்கமாட்டார்களா' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். 1948-ல் ருடால்ஃப் பிளெஷ் என்பவர் ஆங்கிலத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்: வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று எண்ணி, படிக்க எளிதா கடினமா என்று மதிப்பெண் போடும். அதில் தமிழைப் போட்டால் பால்காரர் நோட்டுகூட முனைவர் பட்ட ஆய்வேடு என்று விடை வரும்.

டிவி மேல் பழி போடவும் வழியில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் 1893-ல் வெளியிட்ட கணக்குப்படி, முதலாம் எலிசபெத் காலத்துக்கு முன்பு சராசரி 50 சொல்லாக இருந்த ஆங்கில வாக்கியம் அவர் காலத்தில் 23-க்கு வந்திருந்தது. லூமியர் சகோதரர்கள் படம் காட்டவே அப்போது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அம்மாப்பேட்டையில் எங்கள் பெரியம்மா வீட்டில் குழித்தறி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற கைத்தறி. கால் மிதியில், கை நாடாக் கயிற்றில், கண் பாவு நூலில். டிவி இருப்பது அவருக்கு முதுகுப்புறச் சுவரில். எனவே சீரியலைக் காதால்தான் பார்க்கிறார். இழை அறுந்து தறி நின்றால் மட்டும் திரும்பி ஒரு பார்வை. அப்படியும் அவருக்கு ஒன்றும் தவறிப்போவதில்லை, வசனமே அப்படி எழுதப்படுகிறது. "என்ன மாமா, இந்த நேரத்துல பெட்டியோட வந்து நிக்கறீங்க?" வந்தது யார், என்ன நேரம், கையில் என்ன, எல்லாம் காதுக்கு வந்தாயிற்று. உங்கள் அம்மா அடுப்படியில் நிற்பதும் இந்தத் தைரியத்தில்தான். துப்பறியும் படத்தில் கதவோரம் ஒற்றைக் கையுறை கிடந்தால் அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டார் எழுந்து போக முடியாததற்குக் காரணம் அதுவாக இருக்கும்.

மறுநாள் காலை குழாயடியில், பார்க்காமல் விட்டவர்களுக்குப் பெரியம்மா கதை சொல்வார். "அவ பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து, இவன் கதவத் தெறக்காம உள்ளயே உக்காந்திருந்து, மாமியாக்காரி மாடியிலருந்து எட்டிப் பாத்து, பாத்தும் பாக்காத மாதிரி உள்ள போயி, கடைசில அந்தச் சின்னப் பொண்ணுதான் ஓடியாந்து தெறந்தா." குடம் நிறைகிறவரை ஒரே வாக்கியம். கேட்டவர் யாரும் தடுமாறவில்லை. எச்சம் எச்சமாக அடுக்கி முற்றைக் கடைசியில் வைப்பது நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினைமுற்றில் முடிவதற்குத் தண்டியலங்காரம் குளகம் என்று பெயரே வைத்திருக்கிறது. சீரியலும் ஒரு குளகம்தான். என்ன, நாலு வருஷம் ஆனாலும் முற்று வராது, 'தொடரும்'தான் வரும். ஜெர்மனிலும் துணைவாக்கியத்தின் வினை கடைசியில்தானே நிற்கும்? அந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பழகியிருக்குமே.

அப்புறம் என் 61. அதில் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆள் மாறும்போதெல்லாம் பெரியம்மா அவ, இவன், மாமியாக்காரி என்று சொல்லிவிடுகிறார். நான் சொல்லவில்லை. வாக்கியத்தின் தொடக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறக் கிளம்பியது பஸ். பாதியில், வயிற்றைப் பிரட்டி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தது நான். எழுதியிருக்கிற லட்சணத்தில் பழத்தை முகர்ந்ததும் பஸ்தான்.

அந்த இடத்தில் வெட்டிவிட்டேன். இப்போது 38 சொல்லில் ஒன்று, 24 சொல்லில் ஒன்று ('நான்' கூடியிருக்கிறது). அடுத்த தடவை ஓமலூர் வரும்போது, அம்மா அடுப்படியில் நிற்கிற நேரமாகப் பார்த்து இரண்டையும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் "யாரு?" என்று கேட்கிறார் என எழுதுங்கள், அங்கேயும் வெட்டுகிறேன்.