பிக்கப் இன்ஜினை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப், மேனுவல் கியர். ஓவர்ஹீட் ஆகி இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது (உள்ளே இறுகிச் சுற்றவே மறுக்கிறது). அதே மாடலின் பழைய இன்ஜின் ஒன்று கிடைத்திருக்கிறது. நண்பரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே மாற்ற முடியுமா? கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்க வேண்டுமா?

பதில்: முடியும். சமதளமான சிமென்ட் தரையும், இன்ஜின் கிரேனும், அவசரமில்லாத நான்கைந்து நாட்களும் வேண்டும்.

ஸ்பேனரை எடுக்கும் முன், சீஸ் ஆன இன்ஜின் ஏன் சூடேறியது என்று கண்டுபிடியுங்கள். ரேடியேட்டர் அடைப்பா, வாட்டர் பம்பா, தெர்மோஸ்டாட்டா, ஃபேன் கிளட்சா? காரணம் தெரியாமல் அதே ரேடியேட்டரை மாட்டினால் அடுத்த இன்ஜினும் அதே வழியில் போகும். இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சீஸ் ஆன இன்ஜினின் உலோகத் துகள் ஆயிலோடு சுற்றி ஆயில் கூலருக்குள் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அது முழுதாக வெளியே வராது. கூலரைப் புதிதாகவே போடுங்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்து, கிடைத்த இன்ஜினின் சம்பை (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) பாருங்கள். ஃபோர் வீல் டிரைவில் முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) இன்ஜினுக்கு அடியில் வருவதால், பல மாடல்களில் சம்பின் வடிவமே வேறு. டூ வீல் டிரைவ் வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் என்றால் உங்கள் பழைய சம்ப், ஆயில் உறிஞ்சும் குழாய், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி), அதன் குழாய், மவுண்டிங் பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். டிப்ஸ்டிக் மட்டும் வந்த இன்ஜினுடையதாகவே இருந்தால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும். சம்பையும் உறிஞ்சு குழாயின் சல்லடையையும் துகள் இல்லாமல் கழுவிவிட்டே பூட்டுங்கள். இன்ஜின் தரையில் இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் இருந்தால் அது, கிளட்ச் செட் ஆகியவற்றையும் மாற்றிவிடலாம். காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு) பெரும்பாலும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு குறியீடு உண்டு. அதைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு ஸ்கேனர் மூலம் இசியூவில் (இன்ஜினை இயக்கும் கணினியில்) பதிய வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தால் நீளமும் எடையும் வீட்டு வேலைக்கு மிஞ்சிப்போகும். பெல் ஹவுசிங்குக்கு (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதி) அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தால் போதும்.

பேட்டரியைக் கழற்றி, ஆயிலையும் கூலன்ட்டையும் வடித்துவிடுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளோ நாயோ நெருங்காமல் உடனே மூடிவையுங்கள். ஏசி குழாயைத் திறக்காமல் கம்ப்ரஸரை அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். வயரிங் சாக்கெட்டுகளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள்.

இரண்டு டன் கிரேன் என்றால், அதன் கையைக் குறுக்கி வைத்தால்தான் அது இரண்டு டன். பிக்கப்பின் மூக்கு நீளம் என்பதால் கையை நீட்ட வேண்டிவரும், அப்போது தாங்கும் எடை பல மடங்கு குறையும். நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் 200 முதல் 300 கிலோ வரை இருக்கலாம். கிரேனின் கையில் நீங்கள் பூட்டு ஊசி போடும் துளைக்கு எதிரே எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். தூக்கும்போது வண்டி ஸ்டாண்டில் இருக்கக் கூடாது, டயரிலேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் முன் பேனலைத் தாண்டும் உயரம் கிடைக்காது. தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

அதிகம் உடைவது ஏற்றும்போதுதான். கிளட்ச் தட்டை அலைன்மென்ட் டூலால் மையப்படுத்துங்கள். பிளாக்கில் இரண்டு டவல் பின்னும் (கியர்பாக்ஸை நேராகப் பொருத்தும் ஊசிகள்) இருக்கின்றனவா, நடுவில் வயர் எதுவும் சிக்கவில்லையா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் இன்ஜினையும் தொங்கவிட வேண்டும், சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் தட்டுக்குள் நுழையாவிட்டால் கியரில் போட்டு, கிராங்க் புல்லியை மெல்லத் திருப்புங்கள்; பல்லுக்குப் பல் சேரும்போது தானே உள்ளே போகும். விரல் அகலம் இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும், அல்லது கிளட்ச் தட்டு வளையும். (ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: டார்க் கன்வர்ட்டரை (கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் பகுதி) முழுதாகக் கியர்பாக்ஸுக்குள் அமுக்கிய பிறகே சேருங்கள். சேர்த்தபின் அது கையால் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முறுக்குவதை நிறுத்துங்கள், உள்ளிருக்கும் பம்ப் உடையும்.)

எர்த் வயரைப் பூட்ட மறக்காதீர்கள். டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயிலை ஊற்றுங்கள். கை பம்பால் டீசல் குழாயில் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, இன்ஜெக்டர் சாக்கெட்டுகளைக் கழற்றிவைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு சாக்கெட்டுகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ரேஸ் கொடுக்க வேண்டாம். டீசல் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துவிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வெப்பம் காட்டும் முள் ஏறியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே அணைத்து, நன்றாக ஆறவிட்டு நிரப்புங்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். உலோகத் துகள் மினுக்கினால் சீஸ் ஆன இன்ஜினின் மிச்சம் எங்கோ இருக்கிறது, அல்லது வந்த இன்ஜினின் பேரிங் தேய்கிறது. எது என்று தெரியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.