பல் பார்ப்பது யார்?

கேள்வி: மேற்கு நாடுகள் கொஞ்சம் பணத்தைக் கொடுத்துவிட்டு ஜனநாயகம், மனித உரிமை என்று பாடம் நடத்துகின்றன. சிங்கப்பூரைப் போல அரசியல் கலக்காமல் உதவினால் என்ன?
- வாசகர் ஒருவர், ஈசூன்

பதில்: எரிச்சல் புரிகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கேயோ மாட்டைக் கொடுப்பவர்தான் வாங்குகிறவரின் பல்லை எண்ணுகிறார். 1966ல் பீகார் வறட்சியில் தவித்தபோது, வியட்நாம் போரை இந்தியா குறை சொன்ன கோபமும் சேர, அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமையை மாதாமாதம் அளந்து அனுப்பினார். அதை விழுமியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வஞ்சம்.

சரி, நம் பக்கத்து வீட்டுக் கதையையும் கேளுங்கள். 1991 நவம்பரில், அப்போது இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரின் டிலி நகரில், கல்லறைத் தோட்டத்தில் கூடியவர்கள்மீது இந்தோனேசியப் படை சுட்டது. நெதர்லாந்து தன் உதவியையும் மனித உரிமையையும் முடிச்சுப் போட்டது. உங்கள் காசே வேண்டாம் என்று 1992 மார்ச்சில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ கதவைச் சாத்தினார். ஒரு காலத்தில் அடிமைப்படுத்தி ஆண்டவர்கள் ஒழுக்கம் சொல்ல வந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் மற்ற நாடுகள் என்ன செய்தன? உலக வங்கித் தலைமையில் புதுக் குழு அமைத்துப் பணத்தைத் தொடர்ந்து கொடுத்தன. சுகார்த்தோவுக்கு நஷ்டம் இல்லை. டிலியில் செத்தவர்களுக்காகக் கேட்க ஓர் ஆள் குறைந்தது. நீங்கள் கேட்கும் 'அரசியல் கலக்காத உதவி' நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

அதே 1992ல்தான் சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கியது. சுமார் 150,000 வெளிநாட்டு அதிகாரிகள் இதில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் லஞ்சம் வாங்காதே, சொந்தக்காரன் என்று பார்க்காமல் தகுதி பார்த்து வேலை கொடு என்பதெல்லாம் குழாய் மாட்டுகிற நுட்பமா? பல ஊர்களில் ஆட்சியே கவிழ்கிற சமாச்சாரம் அது. தேர்தலைப் பற்றிப் பேசாமல் விடுகிறோமே, அதுவும் ஒரு நிலைப்பாடுதான்.

நாமும் வாங்கியவர்கள்தான், அதையும் மறக்க வேண்டாம். 1960ல் ஐ.நா. குழுவோடு இங்கே வந்தவர் டச்சுக்காரர் ஆல்பர்ட் வின்செமியஸ். பொருளாதார நிபுணர், தொழிற்சாலை பற்றிச் சொல்ல வந்தவர். லீ குவான் இயூவிடம் அவர் முதலில் சொன்னவை இரண்டு: கம்யூனிஸ்டுகளை ஒழியுங்கள், இங்கே பிரிட்டிஷ் ஆட்சிக்கு வித்திட்ட ராஃபிள்ஸின் சிலையை அகற்றாதீர்கள்.

சிலை விக்டோரியா அரங்கின் முன்னால் இன்றும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஈசூனிலிருந்து ரயில் மாறாமலே ராஃபிள்ஸ் பிளேஸ் வரலாம். ஒரு நடை போய்ப் பாருங்கள்.